வலது காலுக்கு ஓர் அடுக்கு

மாரத்தானுக்குப் போகிறவர்களில் ஊரைப் பார்த்துவிட்டு வருகிறவர், ஓடாமல் கூடப் போகிறவர்தான். ஓடுகிறவர் எந்த ஊருக்குப் போனாலும் முன்னால் ஓடுகிறவரின் முதுகைத்தான் பார்க்கிறார். கொச்சி எப்படி இருந்தது என்று என் வீட்டுக்காரரைக் கேளுங்கள், "புழுக்கம் ஜாஸ்தி" என்பார். விசாகப்பட்டினம் எப்படி என்றால், "ரோடு ஒரே மேடு" என்பார். நான் அந்த இரண்டு ஊரிலும் கடலைப் பார்த்தேன்.

ஹீனா மேடம், நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்காரர் கோதண்டபாணியின் வலது முழங்காலுக்கு நீங்கள் எவ்வளவு பிசியோதெரபி பயிற்சி கொடுத்தும் ஏன் சரியாகவில்லை, அவர் ஷூவுக்குள் இருந்த தோல் அடுக்கு எப்படி வந்தது என்பதுதானே உங்கள் கேள்வி. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்க நியாயம் உங்களுக்குப் புரியும். அவர் வெளியே பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்கு ஓட்டத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். இப்போதைக்கு அந்தப் பாடம் முடிவதாக இல்லை.

நாங்கள் இருவரும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில்தான் வேலை செய்கிறோம். நான் சாம்பிள் ரூமில், அவர் குவாலிட்டியில். தையல் ஒரு நூல் கோணலாக இருந்தாலும் ஷூவைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவார். அவ்வளவு கண்டிப்பான மனிதர் தன் காலில் இருப்பதை மட்டும் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் நடக்கச் சொன்னார். இவர் ஓட ஆரம்பித்தார். விடியற்காலையில் எங்கள் மாதனூரிலிருந்து ஆம்பூர் பக்கமாக சர்வீஸ் ரோட்டில் ஓடுவார். எங்கள் கம்பெனி பஸ் எப்படியும் அவரைத் தாண்டித்தான் வரும். டிரைவர் வேகத்தைக் குறைத்து, "இன்னா சார், பஸ்ஸ வுட்டுட்டீங்களா? ஏறிக்குங்க" என்பார். பஸ் முழுக்கச் சிரிக்கும். நானும்தான் சிரிப்பேன்.

ஓடுவது அவர் வேலை. எங்கே ஓடுவது என்று தீர்மானிப்பது என் வேலை. அது நீங்கள் நினைக்கிற மாதிரி சுலபமானதல்ல. எந்த மாதம், எவ்வளவு வெயில், ரோடு ஏறுகிறதா இறங்குகிறதா, எத்தனை மணிக்குள் முடிக்காவிட்டால் வண்டியில் ஏற்றிவிடுவார்கள், காட்பாடியிலிருந்து ரயில் உண்டா, முதல் நாள் ராத்திரி இவர் வயிற்றுக்கு ஆகிற சாப்பாடு கிடைக்குமா, எல்லாம் பார்க்க வேண்டும். எல்லாம் பார்ப்பேன். கூடவே நான் மட்டும் பார்க்கிற இன்னொன்றும் உண்டு. அறையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் கடல் இருக்க வேண்டும்.

ஐதராபாத்தில் பாலம் பாலமாக ஏறி இறங்க வேண்டும், முழங்காலுக்கு ஆகாது என்று தள்ளிவிட்டேன். தில்லியில் புகை, நெஞ்சுக்கு ஆகாது என்றேன். உண்மையில் அந்த இரண்டு ஊரிலும் கடல் இல்லை. நாம் போகிற இடத்தில் எல்லாம் எப்படிக் கடல் வருகிறது என்று இவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. குவாலிட்டியில் இருப்பவர்தான்.

அவரைக் கூட்டத்தோடு கூட்டமாக ஓடவிட்டுவிட்டு, அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு கடலோரச் சுவரில் உட்காருவேன். டீ வாங்கிக் குடிப்பேன். துண்டு எங்கே, சாவி எங்கே, சட்னியில் உப்பு ஏன் கம்மி என்று யாரும் கேட்க மாட்டார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் யாரும் என்னை எதுவும் கேட்காத காலைகள் அவை மட்டும்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும், மேடம். அவர் மெதுவாக ஓடுகிறார் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். நான் மட்டும் செய்ததில்லை.

ஆனால் நான் குறி வைத்திருந்தது மும்பை. அது நினைத்தவுடன் கிடைத்துவிடாது. வேறு பெரிய ஓட்டம் ஒன்றை நல்ல நேரத்தில் முடித்ததற்குச் சான்று காட்டினால்தான் இடம் தருவார்கள். அதற்காகத்தான் கொச்சி, அதற்காகத்தான் விசாகப்பட்டினம். பெரிய இடத்தில் பெண் கேட்கப் போவதற்கு முன் மாப்பிள்ளையைப் படிக்கவைத்து, வேலை வாங்கிக் கொடுத்துத் தேற்றுவது போல அவரைத் தேற்றிக்கொண்டு வந்தேன். சான்று என் போனில் பத்திரமாக இருந்தது. டிவியில் காட்டுவார்களே, வளைந்து போகிற கடற்கரை, அங்கே ஒரு காலை முழுக்க உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை.

அப்போதுதான் ஜெயசீலன் வந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். பாலாறு ரன்னர்ஸ் என்று ஒரு குழு வைத்திருக்கிறார். ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதோ இல்லையோ, இவர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கையில் கட்டியிருக்கிற கடிகாரத்தைக் கேட்காமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் அந்தக் குழுவில் சேர்ந்த கொஞ்ச நாளில் ஒருநாள் தோசை சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"செப்டம்பர்ல லடாக் போறோம். ஜெயசீலன் சார் எல்லாம் பாத்துக்கிறார்."

"அப்ப நானு?"

"நீ இன்னாத்துக்கு? அங்க மூச்சே வுட முடியாதாம். உனக்கு பேஜாரு. ஆம்பளைங்க நாலு பேரு ஒரே ரூம்ல அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம்."

நான் இன்னொரு தோசை வைத்தேன். கோபப்படவில்லை. பொம்பளை ஆத்திரத்தில் ஏதோ செய்துவிட்டாள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சாம்பிள் ரூமில் பெரும்பாலும் ஒற்றைக் கால் ஷூதான் செய்வோம். வெளிநாட்டில் ஆர்டர் கொடுக்கிறவருக்குக் காட்ட ஒரு கால் போதும். இன்னொரு காலைப் பற்றி யோசிக்கிற பழக்கமே எங்களுக்குக் கிடையாது. இவருக்குக் கொப்புளம் வரும் என்று ஷூவுக்குள் போடுகிற தோல் அட்டையை ஆரம்பத்திலிருந்தே நான்தான் வெட்டிக் கொடுப்பேன். "எம் பொண்டாட்டி கையால செஞ்சது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். அந்த அட்டைக்கு அடியில், வலது காலுக்கு மட்டும், மெல்லிய லைனிங் தோல் ஒரு துண்டு ஒட்டினேன். ஒரேயடியாக உயர்த்தினால் கால் கண்டுபிடித்துவிடும். அது பழகியபின் இன்னொன்று, அதுவும் பழகியபின் கொஞ்சம் தடிமனாக ஒன்று.

"வள்ளி, ஓடும்போது ஒரு பக்கமா தூக்குதே" என்றார் ஒருநாள்.

"ரோட்ட பாருங்க. ஓரமா சாஞ்சிதான இருக்குது" என்றேன்.

அதை மறுநாள் ஜெயசீலனிடம் தன் கண்டுபிடிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஜெயசீலன் தலையாட்டிவிட்டு அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயரும் சொன்னாராம். இருவரும் அதன்பிறகு ரோட்டுக்கு நடுவில் ஓட ஆரம்பித்தார்கள். லாரிக்காரர்கள் திட்டினார்கள். முழங்கால் வலி மட்டும் அப்படியே இருந்தது.

லடாக்குக்கு மூன்று பேர் போனார்கள். அன்று இவர் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆட்டுக்கால் வாங்கி சூப் வைத்துக் கொடுத்தேன். அடுக்குகளையும் எடுத்துவிட்டேன். லடாக் முடிந்துபோன விஷயம், இனி எதற்கு என்று தோன்றியது. அந்த அளவுக்கு என்னிடம் நேர்மை இருந்தது.

வலி மிச்சமிருந்ததால் உங்களிடம் அழைத்து வந்தேன். நீங்கள் படுக்கவைத்து அளந்து பார்த்துவிட்டு, "இடது கால் நீளம் லேசா கம்மி. இடது ஷூல சின்னதா ஒசரம் குடுத்தா வலது முட்டிக்கு பாரம் கொறையும். ஒழுங்கா போட்டா ஜனவரில மும்பை ஓடலாம்" என்றீர்கள். என் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்க சாம்பிள் ரூமாச்சே, உங்கள வுட நல்லா யாரு செய்வாங்க" என்றும் சொன்னீர்கள். மும்பை என்று நீங்கள் சொன்னதும் எனக்கு உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

திரும்பும்போது நான்தான் ஸ்கூட்டர் ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்திருந்தவர் மாதனூர் வருவதற்குள் என் காதருகே சொன்னார். "மும்பைக்கும் ஜெயசீலன் சாரே ரூம் பாத்துட்டாரு. அதே நாலு பேரு. உனக்கு இன்னாத்துக்கு வீண் அலைச்சல். பேரு குடுக்குறத மட்டும் நீ முடிச்சிடு, சர்டிபிகேட் உன் போன்லதான இருக்குது."

சரி என்று தலையாட்டினேன். ஹெல்மெட்டுக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நீங்கள் சொன்ன உயரத்தில் ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வலது காலுக்கு வைத்தேன். இந்த முறை வைத்தியம் என்பதால் அவர் வீட்டுக்குள்ளும் ஷூவைக் கழற்றவில்லை. வலிக்கிறது என்றபோது, ஆறுகிற வலி அப்படித்தான் இருக்கும், ஹீனா மேடம் சொன்னதை விடக் கூடாது என்றேன். இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஓடினார். உங்கள் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஒருநாள் காலை எங்கள் பஸ் ஆம்பூர் பக்கம் வரும்போது அவர் ரோட்டோரம் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். டிரைவர் வழக்கம்போல வேகத்தைக் குறைத்து, "ஏறிக்குங்க சார்" என்றார். அன்று ஏறிக்கொண்டார். இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை. வேலூரில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முட்டிக்குள் சவ்வு கிழிந்திருக்கிறது, தேய்ந்தும் இருக்கிறது, இனி ஓடுகிற பேச்சே கூடாது, மாடிப்படிக்குக்கூடக் கைத்தடி வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அது உங்களுக்கே தெரியும்.

கால் மாற்றி வைத்துவிட்டேன், கை தவறிவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். நீங்கள் மேல்விஷாரத்தில் தோல் மண்டிக்காரர் வீட்டுப் பெண். அட்டையை உரித்து, விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த ஓரத்த யாரு சீவனது?" என்று கேட்டீர்கள். வைத்தியத்துக்கு வைக்கிற துண்டை அப்படியே மேலே வைப்பார்கள், எடுத்து மாற்ற வேண்டுமே. ஓரத்தைக் காகிதம் போல மெலிதாகச் சீவி, அடியில் கொடுத்து, தடவினாலும் தட்டுப்படாமல் ஒட்டுவது மறைக்கிற வேலை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது.

அங்கேதான் நீங்கள் என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள். மறைக்க வேண்டும் என்று நான் சீவவில்லை. சீவாத ஓரம் பாதத்தை அறுக்கும், மேடம். அவருக்குச் சீக்கிரம் கொப்புளம் வந்துவிடும். வலிக்கக் கூடாதே என்றுதான் அவ்வளவு நேரம் உட்கார்ந்து சீவினேன்.

"அவர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா" என்று கேட்கிறீர்கள். உங்கள் இஷ்டம். ஆனால் சொல்வதற்கு முன் அவர் முகத்தைப் பாருங்கள். ஜெயசீலன் வேறு ஆளைப் பிடித்து அந்த அறையில் சேர்த்துக்கொண்டார். இவர் நேற்று என்னிடம், "இனிமே நாம ரெண்டு பேரும் எங்கனா போலாம் வள்ளி, நீயே பாத்து சொல்லு" என்றார். இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டு எவ்வளவு நாளாயிற்று தெரியுமா?

மும்பைக்குத்தான் போகிறோம். கடலோரச் சுவரில் இருவரும் உட்கார்ந்து மற்றவர்கள் ஓடுவதைப் பார்க்கலாம். அவரும் ஒருமுறை ஊரைப் பார்க்கட்டும். கால் போனபின் ஆறுதலுக்காகப் போட்ட திட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், நான் எதையும் கடைசி நேரத்தில் செய்கிறவள் அல்ல. உங்களிடமிருந்து திரும்பி வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திய அன்று சாயங்காலமே காட்பாடியிலிருந்து இரண்டு டிக்கெட் எடுத்து, கடல் தெரிகிற அறையும் சொல்லிவிட்டேன். அதற்கு அப்புறம்தான் தோலை வெட்ட உட்கார்ந்தேன். பேர் குடுத்துட்டியா என்று அவர் உள்ளே வந்து கேட்டார். குடுத்துட்டேன் என்றேன். கொடுக்கவில்லை. ஓடப் போவதில்லை என்று தெரிந்தபின் வீண் செலவு எதற்கு.