வெட்டி எடுத்த முகம்

பிக்கரிங் போகும் ரயிலில் எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண், கழுத்தில் நூலக அடையாள அட்டையோடு. பக்கத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரு நடுத்தர வயதுக்காரர். ஜன்னலுக்கு வெளியே ஏரி கூடவே வந்துகொண்டிருந்தது.

“படம் எடுக்க முதலே அவளை வித்துப்போட்டினம் அண்ணை,” என்றாள் அவள். அதற்குப் பிறகு காதை வேறு பக்கம் திருப்ப எனக்கு மனம் வரவில்லை.

“ஆரை?”

“ஊமைப்படக் காலத்து நடிகை ஒருத்தியை. நான் ஸ்கான் பண்ணுற பத்திரிகை தியேட்டர்காரருக்கெண்டே வந்தது. பக்கம் முழுக்க அவளின்ர முகம். ‘இதை வாசலில வையுங்கோ, சனம் தானா வரும். வாற வருசம் ஆறு படம்’ எண்டு போட்டிருக்கு.”

“வந்ததே?”

“ஒண்டுகூட வரேல்லை. தேடிப் பாத்தன். எங்களிட்ட இருக்கிற பத்திரிகைக் கட்டு அந்தக் காலத்து ஒரு தியேட்டர் முதலாளியின்ர. மாதாமாதம் அவளின்ர விளம்பரத்துக்குப் பக்கத்தில ‘எப்ப?’ எண்டு பென்சிலால எழுதியிருக்கிறார். கடைசி இதழில எழுத்து இல்லை. முகத்தையே வெட்டி எடுத்திட்டார்.”

“பாவம் மனுசன். வாசலில ஒட்டியிருப்பார்.”

“ஓட்டை இருந்தா பின்னால வெள்ளைத் தாள் வைச்சுத்தான் ஸ்கான் பண்ணோணும். இல்லாட்டி அடுத்த பக்கம் தெரியும். வைச்சன். சின்னதா ஒரு சினிமாத் திரை மாதிரி இருந்தது. பட்டனை அமத்தாமல் பாத்துக்கொண்டே இருந்திட்டன்.”

“என்னத்துக்கு?”

அவள் ஏரியைப் பார்த்தாள்.

“வருவாளோ எண்டு.”