ஆம்புலன்சுக்குப் போன் போட்ட நேரம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவர், வயது 31, மணமாகாதவர், கூப்பிடும் பெயர் ஊமைக்கோட்டான், குடியிருப்பு இரண்டாம் மாடி, பின்பக்க வீடு. போலீஸ் விசாரணையில் அவர் சொன்னது:

நான் மேற்படி வீட்டில் என் அப்பாவுடன் வசித்து வந்தேன். அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அக்கா திருமணமாகி வேறு ஊரில் இருக்கிறார். பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்குப் புது ஆளிடம் பேச வராது. உள்ளங்கை வேர்த்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பேசிவிட்டால், என்ன உளறினோம் என்று இரண்டு நாள் தூக்கம் வராது. கடையில் லீவுகூட அப்பாதான் எனக்காகப் போனில் கேட்பார்.

நான்கு வருடத்துக்கு முன் முதலாளி என்னை லென்ஸ் தேய்க்கும் பின்னறையிலிருந்து கவுண்டருக்கு மாற்றினார். முதல் நாளே ஒரு அம்மாளுக்கு பிரேம் காட்ட முடியாமல் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு உடன் வேலை செய்பவர் என்னைக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போய், "ரெண்டு இழுப்பு இழு. யாரும் உன்னக் கடிச்சித் தின்னுட மாட்டாங்கன்னு தெரியும்" என்று கஞ்சா பீடி கொடுத்தார். அன்று மாலைவரை பேசினேன். ஒரு வாடிக்கையாளர் சிரித்தார். அதன் பிறகு வேலைக்கு முன் ஒன்று, அதன் பிறகு நாளுக்கு மூன்று என்று ஆனது. ஜாலிக்காகப் புகைத்ததில்லை. கடைசியில் அது இல்லாமல் வாசல் மணி அடித்தால் கதவைத் திறக்கவும் முடியவில்லை.

சம்பவத்தன்று ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணியளவில் அப்பா சமையலறையில் டம்ளர் கழுவும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "ஆம்புலன்சுக்குப் போன் போடுடா" என்றார். போட்டேன். ஒரு பெண், "சொல்லுங்க, எந்த இடம்?" என்று கேட்டார். வைத்துவிட்டேன். மறுபடி போட்டு, மறுபடி வைத்தேன். அதன் பிறகு பக்கத்து வீட்டுக் கதவுவரை போய், தட்டாமல் திரும்பினேன். அப்பா, "சரிடா, எங்கிட்ட குடு, நான் பேசுறேன்" என்றார். கொடுத்தேன். போன் அவர் கையிலிருந்து நழுவியது. அதன் பிறகு பால்கனிக்குப் போய் ஒரு பீடியைப் பற்றவைத்து முழுவதும் புகைத்தேன். அதன் பிறகு போன் செய்து முகவரி, மாடி, அப்பாவின் வயது எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னேன். முதல் அழைப்புக்கும் இதற்கும் நடுவில் பதினொரு நிமிடம் என்று நீங்கள் காட்டிய பட்டியலில் இருப்பது சரி.

ஆம்புலன்ஸ் வந்தபோது அப்பாவுக்கு மூச்சில்லை. ஆஸ்பத்திரியில் அக்கா, "அவ்ளோ நேரம் என்னடா பண்ணிட்டிருந்த?" என்று கேட்டார். "தூங்கிட்டேன்க்கா" என்றேன். அது பொய். நடந்ததை அக்காவிடம் நீங்களே சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை.

(ஒப்பம்)