கோயில் கதிரைகள்

கண்டியிலிருந்து புசல்லாவை போகும் பஸ்ஸில், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். உதவி கேட்ட தரும நிதியம் கையை விரித்துவிட்டதாம்.

"கோயில் கதிரைய இரவல் வாங்கிப் போட்டதுதான் தப்பு அக்கா."

"பாக்க வர்றவங்க முன்னால புள்ளைகள தரையிலயா உக்கார வைக்கிறது?"

"நம்ம கேட்டதே கதிரைதானே. 'உங்ககிட்டதான் இருக்கே'ன்னு வேற சங்கத்துக்குக் குடுத்துட்டாங்க."

"இரவல்னு சொன்னோமே."

"தெரிவு முடிஞ்ச பிறகுதானே சொன்னோம்."

நிதியத்தார் வந்து பார்த்தது ஒரே ஒரு நாள்; மறுநாளே கதிரைகள் கோயிலுக்குத் திரும்பிவிட்டனவாம்.

"நம்ம வகுப்புல ஆகச் சின்னவ தினமும் கேக்குறா, அந்த ஐயாமார் திரும்ப எப்ப வருவாங்கன்னு."

"எதுக்காம்?"

"அவங்க வந்தாத்தான் கதிரை வருமாம்."