நாலாம் ஜன்னலுக்கு வரும் கடிதங்கள்

நாலாம் ஜன்னலில் உட்கார்ந்தால் பத்தரை மணிவரை முகத்தில் வெயில் அடிக்கும் ஐயா. அதற்கப்புறம் சொகுசுதான். பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதினாறு வருஷம் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறேன்.

பயமுறுத்தும் கடிதங்களை நான் கண்டுபிடிக்கவில்லை. ஏதோ கம்பெனிகள்தான் ஆரம்பித்தன. பார்த்தால் அரசாங்கத் தாள் மாதிரியே இருக்கும். உங்கள் வீட்டுப் பத்திரத்தின் சான்று நகலை ஏழு நாளுக்குள் எங்களிடம் வாங்காவிட்டால் உரிமை பாதிக்கப்படலாம் என்று கொட்டை எழுத்தில் மிரட்டும். அடியில் எறும்பு ஊர்வது போல, 'இது அரசு அலுவலகம் அல்ல' என்று ஒரு வரி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்; அந்த வரியை யார் படிக்கிறார்கள்? அலறியடித்துக்கொண்டு எங்களிடம் ஓடிவருவார்கள். அவர்களுக்கு உண்மையைச் சொல்லி அனுப்ப என்னைப் போட்டார்கள்.

அந்த இரண்டு வருஷம்தான் நான் மனுஷனாக இருந்தேன். அம்மா போனபிறகு என் வீட்டில் பேச்சுச் சத்தம் கிடையாது. இங்கே தினம் இருபது பேர் என் முகத்தைப் பார்த்து, "நீங்க நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு எச்சரிக்கை நோட்டீஸ் வீடு வீடாகப் போயிற்று. நான்தான் எழுதினேன், கொஞ்சம் நன்றாகவே எழுதிவிட்டேன். கம்பெனிகள் கடையைக் கட்டின. நான் ஈ ஓட்டினேன்.

ஆகவே அந்த மாதிரி மிரட்டல் கடிதங்களை நானே எழுத ஆரம்பித்தேன். பணம் கேட்கவில்லை; பதிவு அலுவலகத்தை அணுகவும், அவ்வளவுதான். அந்தப் பொடி எழுத்து வரியையும் விடாமல் போட்டேன். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. யாருக்கு அனுப்புவது என்பதற்குப் பதிவேடு இருந்தது: துணை இறந்து, ஒருவர் பெயருக்கு மாறிய வீடுகள். அவர்களுக்கும் பேச ஆள் வேண்டாமா?

தையற்காரம்மா அப்படி வந்தவர்தான். நடுங்கிக்கொண்டே வந்தார். விளக்கியதும் சிரித்துவிட்டு என் சட்டையைப் பார்த்தார்.

"காலர் பட்டன் தொங்குது தம்பி. கொஞ்சம் குனிங்க."

ஜன்னல் வழியாகவே தைத்துவிட்டார். ஊசி நூல் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டாராம். என் கழுத்துக்கு அருகே இன்னொருவர் கை வந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று அன்று வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். மறுமாதம் இன்னொரு கடிதம் அனுப்பினேன். வந்தார். மூன்றாவதற்கு வரவில்லை. மார்க்கெட்டில் பார்த்துக் கேட்டேன்.

"கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன் தம்பி. நீங்கதான் சொல்லிக் குடுத்துட்டீங்களே, இனி எனக்கென்ன பயம்?"

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் இனி வரவே மாட்டார்.

நாலாவதை எங்கள் அலுவலகத் தாளிலேயே எழுதினேன். அசல் முத்திரை. பெயர் மாற்றம் செல்லாது, மூன்று நாளில் வீட்டைக் காலி செய்யவும். பொடி எழுத்து வரி போடவில்லை; அது அரசு அலுவலகக் கடிதம்தானே. வியாழக்கிழமை கிடைக்கும், வெள்ளிக்கிழமை ஓடிவருவார், தவறுதலாக வந்துவிட்டது என்று ஆறுதல் சொல்லலாம் என்று நினைத்தேன். அன்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

வரவில்லை. அடுத்த வாரம் அவர் தெருவுக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. தையல் மெஷினைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, வீட்டைக் கூட்டித் துடைத்துப் பூட்டிக் கிளம்பியிருக்கிறார். அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாராம். அவருக்கு அண்ணன் கிடையாது. கூடப்பிறந்தவர் யாருமில்லை என்று பட்டன் தைக்கும்போது அவரே சொல்லியிருக்கிறார். பஸ் நிலைய பெஞ்சில் மூன்று நாள் மழையில் கிடந்து, சளி நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

பக்கத்து வீட்டு அம்மா, "ஆபீஸ்ல போய் ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்று சொல்லிப் பார்த்தாராம்.

"வேணாம்மா. அந்தத் தம்பியால முடிஞ்சிருந்தா தடுத்திருப்பாரு. நான் போய் நின்னா அவருக்குத்தான் சங்கடம்."

வேலியே பயிரை மேய்ந்தது என்று பேசிக்கொள்கிறார்கள். நான் யாரிடமும் ஒரு காசு தொட்டதில்லை. ஆனாலும் கடிதம் என்னுடையது; அவரைக் கொன்றது நான்தான். வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன்.

ஒரு விஷயம் ஐயா. நான் கடிதம் அனுப்பிய பட்டியலில் இன்னும் நாற்பத்தோரு பேர் இருக்கிறார்கள். செய்தி கேட்டு அரண்டு போயிருப்பார்கள், பாவம், ஒண்டிக்கட்டைகள். தாளும் பேனாவும் கொடுத்தால், பயப்பட வேண்டாம், இங்கே வந்து என்னைப் பார்க்கலாம் என்று ஆளுக்கொரு கடிதம் எழுதிவிடுவேன்.