வாரத்துக்கு ஒரு பாக்கெட்

உத்திரமேரூர் வெயிலில் நாய்கூட நிழல் தேடும். அந்த ஊரில் வெயில் சத்து போதவில்லை என்று மருந்துக் கடைக்குப் போனால் யாருக்கும் சிரிப்புதான் வரும், ஐயா. நானும் சிரித்தேன். ஆனால் நான் வேலை பார்த்த வீட்டுப் பிள்ளை கதிர்வேல் வெயிலையே பார்ப்பதில்லை. மூடிப்போன ரைஸ்மில் கொட்டகைக்குள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து காலையும் மாலையும் கூடைப்பந்து பழகுவான். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, வைட்டமின் டி குறைவு, தோளில் வலு ஏறாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். வாரம் ஒரு பாக்கெட் பவுடரைப் பாலில் கலந்து கொடுக்கச் சொன்னார்.

கலப்பது என் வேலை. சமைத்துப் போடுவதும், பயிற்சிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவதும் நான்தான். அவர்களுடையது பட்டுச்சேலை வியாபாரக் குடும்பம். நல்ல மனிதர்கள் என்று ஊரே சொல்லும். செத்துப்போனவனின் அக்காவைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்களே.

செத்தவன் என் தம்பி சாம்சன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனும் கதிர்வேலும் போன பைக் திருப்புலிவனம் வளைவில் புளியமரத்தில் மோதியது. சாம்சன் அங்கேயே போய்விட்டான். கதிர்வேலுக்கு இடுப்புக்குக் கீழே போயிற்று. வண்டியை ஓட்டியவன் சாம்சன், குடித்திருந்தான் என்று ஸ்டேஷனில் எழுதினார்கள். என் தம்பிக்குச் சைக்கிளே ஒழுங்காக மிதிக்க வராது. எங்கள் ஊரான பெருநகரில் அம்மா தலையைக் கண்டால், ஊரார் வீட்டுப் பிள்ளையை முடமாக்கியவனைப் பெற்றவள் என்று இன்றைக்கும் முணுமுணுக்கிறார்கள். அந்தப் பழி போக வேண்டும். நான் கேட்டது அது ஒன்றைத்தான்.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "வாரம் ஒண்ணுதாம்மா செவ்வந்தி. மிஞ்சினா ரத்தத்துல சுண்ணாம்பு ஏறி கிட்னி போயிடும். இடுப்புல உணர்ச்சி இல்லாததால வலி வந்தாலும் இவருக்குத் தெரியாது, நீதான் பாத்துக்கணும்."

பார்த்துக்கொண்டேன். தினமும் கலந்தேன். வேறு வேறு கடையில் வாங்கினேன். சத்து மருந்துதானே என்று யாரும் சீட்டுக் கேட்கவில்லை.

முதலில் தெம்பாகத்தான் இருந்தான். "உன் கைராசிக்கா" என்றான். எனக்கும் சந்தோஷம், ஏறிவிட்டு விழுந்தால்தான் நன்றாக வலிக்கும். பிறகு ஓயாத தாகம், வாந்தி. மாநில அணித் தேர்வில் பந்து கூடை வரைக்கும்கூடப் போகவில்லை. கோச் ராஜாராம் சோம்பேறி என்று எல்லார் எதிரிலும் திட்டினார். வேர்த்து வழிந்த முகத்தை நான் துடைத்துவிட்டேன். எனக்கு இனித்தது, மறைக்கவில்லை.

அன்றைக்குச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு அழுதான்.

"வண்டிய ஓட்னது நான்தாங்கா. குட்ச்சிருந்ததும் நான்தான். எங்க நைனாதான் உன் தம்பி பேர்ல எழுத வச்சாரு. நானும் வாய மூடிக்கினு கீறேன். நாளைக்கு ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போ, சொல்லிடறேன்."

இரண்டு வருஷமாக நான் காத்திருந்த சொல். அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன். "மொதல்ல ஒடம்பு தேறட்டும்பா" என்றேன். போய்ச் சொல்லிவிட்டால் மனசாட்சி உள்ளவன் என்று ஊர் அவனைக் கொண்டாடும். கொஞ்ச நாளில் மறுபடியும் பந்து எறிவான். அது எனக்கு ஆறாது. அன்றைக்குப் பாலில் இரண்டு பாக்கெட் கலந்தேன்.

தினமும் ஸ்டேஷன் என்றான். தினமும் நாளைக்கு என்றேன். பேச்சு குழறியது, பிறகு நின்றது. போன வாரம் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று.

கொன்றது நான்தான், ஐயா. அவன் சொன்னதை என்னைத் தவிர யாரும் கேட்கவில்லை. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்கிறார் அவனுடைய அப்பா. நீங்கள் என் வார்த்தையை நம்பி அந்த விபத்துக் கேஸிலிருந்து சாம்சன் பெயரை எடுத்துவிட வேண்டும். தம்பிக்காகத்தான் இத்தனையும் செய்தேன்.