பதினேழு ஒன்றுகள்

கொழும்புத்துறையில் கணக்கு வாத்தி பிலிப்புவைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், ஐயா. பிள்ளைகளுக்குக் கை ஓங்காத மனுசன் என்றுதான் சொல்வார்கள். என் மனைவி யசிந்தாவுக்கும் நான் ஒருநாளும் கை ஓங்கியதில்லை.

எனக்கு இருந்தது ஒரேயொரு விசர்தான், ஓர் எண்ணின் மேல் பைத்தியம். ஒன்று என்ற இலக்கத்தைப் பதினேழு தரம் வரிசையாக எழுதிப் பாருங்கள். அந்த எண்ணை, ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது என்று வகுப்பில் ஒருநாள் சொல்லிவிட்டேன். சொன்னதை நிறுவ வேண்டாமா? அதை வகுக்கக்கூடிய எண் எதுவானாலும், முப்பத்துநான்கால் வகுத்தால் மீதி ஒன்று வரவேண்டும். அப்படிப்பட்ட எண்களாகத் தேடியெடுத்து, எத்தனையோ வருடமாகக் கையாலேயே வகுத்துக்கொண்டு வந்தேன். கணினியை வீட்டுப்பக்கம் அண்டவிடவில்லை. ஒவ்வொரு முறையும் மீதி மிஞ்சியது. அதில் எனக்கிருந்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது.

சனிக்கிழமை பழைய மாணவர்கள் எனக்குப் பாராட்டுவிழா வைத்திருந்தார்கள். மேடையில் அந்த எண்ணைப் பற்றித்தான் பேசுவதாக இருந்தேன். முதல்நாள் மத்தியானம் யசிந்தா வந்து மேசையருகில் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, உதை மேடையிலை சொல்லிப்போடாதேங்கோ. அது பிரியுமாம்."

"ஆர் சொன்னது?"

"அண்ணையின்ரை மகன் சயந்தன் எப்பவோ கொம்பியூட்டரிலை பாத்துச் சொன்னவன். நீங்கள் உதோடை சந்தோசமா இருந்தியள். அதுதான் நான் வாய் திறக்கேல்லை."

அதை வகுக்கும் என்று அவன் சொன்ன எண்ணை மனப்பாடமாக ஒப்புவித்தாள்: 2071723. முப்பத்துநான்கால் வகுத்தேன். மீதி ஒன்று. இத்தனை வருடமும் என்னை விசரனாக்கிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஆனாலும் நான் கத்தவில்லை. பதினேழு ஒன்றுகளையும் எழுதி, வகுக்கத் தொடங்கினேன்.

அவள் அழுதாள். அழுதால் அவளுக்கு மூச்சுமுட்டு வரும். அது அயலுக்கே தெரியும். மூச்சு இழுத்து இழுத்து, மேசையில் கிடந்த, மூச்சுக்கு மருந்து அடிக்கும் பம்பைக் காட்டினாள்.

"அதை... எடுத்துத் தாங்கோ..."

கொடுத்தால் மூச்சு வந்துவிடும். மூச்சு வந்தால், மன்னிப்புக் கேட்டுக் கதைக்கத் தொடங்குவாள். பக்கத்தில் ஆள் கதைத்தால் இவ்வளவு பெரிய எண்ணை வகுக்கும்போது பிழை வரும், ஐயா. எந்தக் கணக்கு வாத்தியும் இதை ஒத்துக்கொள்வார். அதனால் பம்பை எடுத்து என் சட்டைப்பைக்குள் வைத்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவளுடைய விரல்களை நான் மெதுவாகத்தான் விலக்கினேன்.

ஈவு பத்து இலக்கம். அவசரப்படவில்லை. அரைவாசியில் கதிரை விழுந்த சத்தம் கேட்டது. பிறகு வீடு அமைதியாக இருந்தது. வேலை சுகமாக ஓடியது. மீதி பூச்சியம்.

அவளோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. வகுத்து முடிந்ததும் முதலில் அவளிடம்தான் போனேன். நிலத்தில் பக்கத்தில் இருந்து, தலையைத் தடவி, நேர்மையாகவே சொன்னேன்:

"இஞ்சாரும், நீர் சொன்னது சரி."