கால்ல செருப்பு

இருங்க தம்பி, கையை விடாதீங்க. மெயினை அணைச்சுட்டு வந்துடறேன். ம், ஃபேன் நின்னுடுச்சா? அப்ப சரி. தினமும் பத்து மீன் தொட்டியில கையை விட்டு ரிப்பேர் பண்றவர், பழக்கத்துல விட்டுடப் போறீங்களேன்னுதான் சொன்னேன்.

கதவா? திறந்தே கிடக்கட்டும். மாடி வீட்டு அக்கா இப்பத்தான் வந்துட்டுப் போனாங்க.

ஆமா, கடல் தண்ணித் தொட்டி. சாதா மீன்னா இவ்வளவு பாடு இல்ல. இதுக்கு உப்பு அளவாக் கலக்கணும், பம்ப் நிக்கக்கூடாது, சூடு குறையக்கூடாது. கைக்குழந்தை மாதிரி. கைக்குழந்தையாவது அழுது கூப்பிடும். இதுங்க கம்முனு இருந்துட்டு செத்து மிதக்கும். அந்த பேட்டரி பம்ப்பைப் போட்டுட்டீங்களா? நல்லவேளை. கரண்ட் வர்றவரைக்கும் மூச்சு விட்டுக்கும்.

வாங்கினது என் வீட்டுக்காரர். ஆசையா வாங்கினார். ஆனா விரல் நனைச்சது இல்ல. தண்ணி மாத்தறது, கண்ணாடி தேய்க்கறது, பாசி வழிக்கறது எல்லாம் நான். அவர் சோபாவுல உக்காந்துட்டு, வர்றவங்களுக்கு ஒவ்வொரு மீனா பேர் சொல்லுவார். குறையாச் சொல்லல தம்பி. சில பேருக்கு அப்படி ஒரு ராசி.

காலையில வெளியூர்ல இருந்து போன் பண்ணினார். தண்ணி எவ்வளவு சூடுன்னு அவர் போன்லயே காட்டும், அப்படி ஒண்ணு மாட்டி வச்சிருக்கார். சூடு இறங்கிட்டே வருது, ஹீட்டர் போயிடுச்சு, கீழ அலமாரியில புதுசு இருக்கு, பழசை எடுத்துட்டு அதை மாட்டுன்னார். மெயினை அணைச்சுட்டு எடுக்கறேன்னேன். அணைக்காதே, அணைச்சா பம்ப் திரும்ப ஓடாது, எல்லாம் செத்துடும், சும்மா கையை விட்டு எடுன்னார்.

எடுத்திருப்பேன். இந்த விரல்தான் விடல, அதான் உங்களைக் கூப்பிட்டேன். பாருங்க, டப்பா மூடி கிழிச்சது. நேத்து கண்ணாடி தேய்க்கறப்போ இந்த வெட்டுல சுருக்குனுச்சு. வெட்டுல உப்புத் தண்ணி பட்டா எரியும், அது எனக்குத் தெரியாதா? இது எரிச்சல் இல்ல. எறும்பு சாரை சாரையா மணிக்கட்டு வரைக்கும் ஏறுற மாதிரி. ராத்திரி போன்ல அவர்கிட்ட சொன்னேன். உனக்கு எல்லாத்துக்கும் பயம்னு சிரிச்சார். அப்புறம், கால்ல செருப்பு போட்டிருந்தியான்னு கேட்டார். ஆமா, தரை துடைச்ச ஈரம், ரப்பர் செருப்பு போட்டிருந்தேன்னேன். ம்னு வச்சுட்டார்.

இன்னைக்குக் காலையிலயும் சொன்னார், செருப்போட நிக்காதே, வழுக்கும்னு. அக்கறைதானே.

மீனுக்கு எப்படி ஒண்ணும் ஆகல? ஓ, அது தண்ணிக்குள்ளயே இருக்கறதால. நாமதான் தரையில நின்னுட்டு உள்ள கையை விடறோம். சரி, சரி. புரியுது. செருப்பு இல்லாம நின்னிருந்தா, அப்ப... வேண்டாம், சொல்லாதீங்க.

அந்த சுவிட்சா? கரண்ட் கசிஞ்சா தானா விழுமே, அது இருந்துச்சு. ஒரு தடவை நாங்க வீட்ல இல்லாதப்போ விழுந்துடுச்சு. பம்ப் நின்னு, திரும்பி வந்து பார்த்தா வீடே நாறுது. ஒண்ணு தப்பல. இந்த மீன் வளக்கறவங்க நிறைய பேர் அதுக்குப் பயந்தே அந்த சுவிட்சைக் கழட்டிட்டு நேரா லைன் குடுத்துடுவாங்களாமே? நீங்களும் பார்த்திருப்பீங்க. மீனைக் காப்பாத்தறோம்னு பண்றது. இவரும் அப்படித்தான் கழட்டினார்.

இல்ல, அப்போ கழட்டல. அது நடந்து ரெண்டு வருஷம் ஆச்சு. கழட்டினது போன ஞாயித்துக்கிழமை.

அன்னைக்குப் பூரா தொட்டிக்குக் கீழ படுத்துட்டு வயரெல்லாம் மாத்திக் கட்டினார். எனக்கே அதிசயமா இருந்துச்சு. டீ கொண்டுபோய்க் குடுத்தேன். முதல் நாள்தான் அவர்கிட்ட பேசியிருந்தேன். எனக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு, போறேன், திரும்பி வர்றதா இல்லன்னு. கத்துவார்னு நினைச்சேன். கத்தல. தொட்டியை யார் பார்த்துக்குவான்னு மட்டும் கேட்டார். மறுநாள் அவரே ஸ்க்ரூ டிரைவரோட உக்காந்ததும், சரி, மனசைத் தேத்திக்கிட்டார், இனி அவரே பார்த்துக்கப் போறார்னு நினைச்சுட்டேன். பாவமாக்கூட இருந்துச்சு.

என்ன, ஏன் அப்படியே நிக்கறீங்க? காட்டுங்க. ஹீட்டர் வயர் மேல்தோல் உரிஞ்சிருக்கே, மீன் கடிச்சிருக்குமோ? இல்லையா. கல்லுல உரசியிருக்கலாம். அது வழவழன்னு இருக்கற கல்லுதான், இருந்தாலும். சுத்தி வர ஒரே அளவா சீவினாப்ல இருக்குங்கறீங்க. சரி. தண்ணிக்குள்ள இருந்த இடத்துல மட்டும்.

நான் உக்காந்துக்கறேன் தம்பி. ஒண்ணுமில்ல. நீங்க வேலையைப் பாருங்க. அந்த வயரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அப்படியே ஒரு கவர்ல போட்டுக் குடுங்க.

அவருக்கு போன் பண்ணிச் சொல்லணுமா? அவரே மாடி அக்காவுக்குப் பண்ணியிருக்கார். அதுக்குத்தான் அவங்க மூச்சு வாங்க ஓடி வந்தாங்க. என்னைப் பார்த்ததும் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாங்க. நல்லாத்தான் இருக்கியாடின்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. உன் வீட்டுக்காரர் போன்ல அழுதார்டி, காலையில இருந்து மாத்தி மாத்தி அடிக்கறாராம், நீ எடுக்கவே இல்லையாம், தொட்டியில கையை விட்டு கரண்ட் அடிச்சிருக்குமோன்னு பதறிட்டார், கிளம்பி வந்துட்டே இருக்காராம்னாங்க. அவர்கிட்ட நானே பேசிக்கறேங்க்கா, நீங்க ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம்னு அனுப்பி வச்சேன்.

பேசலாம்னுதான் போனைக் கையில எடுத்தேன். அதோ, மேஜை மேல இருக்கே, அதுதான். சத்தம் வச்சுத்தான் இருக்கு, சார்ஜும் இருக்கு. ஹீட்டரை எடுன்னு சொன்னாரே, அதுக்கப்புறம் அவர்கிட்ட இருந்து ஒரு போன்கூட வரல தம்பி.